காட்சியும் நோக்கும்



பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளாகிய இன்று, கபாலீசுவரப் பெருமானுடன் அறுபத்துமூன்று நாயன்மார்களும் மயிலை மாடவீதிகளில் எழுந்தருளினர். கண்டோர் எண்ணிறந்தோர், கண்ட பொருளோ ஒன்றே. ஆயினும் ஒருவர் அணிமணிகளை மதிப்பிட்டார். ஒருவர் நெரிசலை நொந்தார். ஒருவர் கண்ணீர் மல்கக் கைகூப்பினார். வேற்றுமை கண்ணில் இல்லை, கருத்தில் உள்ளது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார், காட்சி அளவையை வாயிற் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காக வகுக்கிறது. பொறி பொருளைப் பற்றிய அளவில் அறிவு முற்றுப்பெறுவதில்லை என்பது இதனால் விளங்கும். பொறி தந்ததை உள்ளம் எவ்வாறு ஏற்கிறது என்பதையே நாம் ஈண்டு நோக்கு என்கிறோம்.

இன்று உலாப்போந்த அடியார்களுள் சேரமான் பெருமாள் நாயனாரும் ஒருவர். முடிசூடி யானைமேல் நகர்வலம் வந்த அவர், எதிரே மேனி வெளுத்த ஒருவரைக் கண்டார். உவர்மண் பொதி மழையில் கரைந்து வழிந்து உலர்ந்திருந்தது. அரசர் அதனைத் திருநீறாகவே கண்டு, இறங்கி வணங்கினார். வந்தவர் நடுங்கித் தாம் வண்ணார் என்று உரைத்தார். அரசர் நாணவில்லை, சினக்கவுமில்லை. திருநீற்றை நினைப்பித்தீர், வருந்தாது செல்வீராக எனும் கருத்துப்பட மொழிந்து விடைகொடுத்தார். உண்மை அறிந்ததும் காட்சி திருந்திற்று; வணக்கம் மட்டும் குறையவில்லை.

மெய்ப்பொருள் நாயனாரை வஞ்சகன் குத்தியதை, காவலர் தத்தனும் கண்டார், நாயனாரும் உணர்ந்தார். தத்தன் வாளை உருவினார். நாயனாரோ, வேடத்தின் பெருமை கருதி, அவனை ஊறின்றி ஊர் கடத்திவிடப் பணித்தார். அறிந்தது ஒன்று, நோக்கு இரண்டு.

நம் இல்லத்திலும் இதுவே நிகழ்கிறது. முதிய தாய் ஒரே வினாவை நான்காம் முறை கேட்கிறாள். செவியில் விழுவது வினா மட்டுமே. அதற்குத் தொல்லை என்று பெயரிடுவது நம் உள்ளம்.

நாளை விடியலில், நாம் உண்டெறிந்த இலைகளை அள்ளி இவ்வீதிகளைத் தூய்மை செய்யச் சிலர் வருவர். அவர்தம் மேனியிலும் புழுதி வெண்மையாய்ப் படிந்திருக்கும். அவர்கள் தொழிலாளர் என்பதைக் கண் காட்டும். யானையினின்றும் இறங்கிய சேரமானாரைப் போற்றிய நாம், அவர்கள்முன் எதனினின்றும் இறங்கப்போகிறோம் என்பதை உள்ளமே முடிவு செய்யவேண்டும்.

திருச்சிற்றம்பலம்.