உடற்காவலர் உருவாகும் விதம்

யான் வட்டாரத்தில், ஜெராய் மலையடிவாரத் தோட்டங்களில் பழகியவர்களுக்கு ரப்பர்ப் பாலின் இயல்பு தெரியும். அதில் அமோனியாவைச் சேர்த்தால் உறையாமல் இருக்கும். பார்மிக் அமிலத்தைச் சேர்த்தால் உறைந்து கட்டியாகும். பால் ஒன்றுதான், சேரும் பொருளே அதன் போக்கை மாற்றுகிறது. நம் உடலைக் காக்கும் வெள்ளை அணுக்களின் வளர்ச்சியிலும் இதைப் போன்ற இரசாயன மாற்றம் ஒன்று உண்டு.

வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. அவற்றுள் சில, மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பிக்குச் சென்று 'டி' அணுக்களாகின்றன. நோய்த் தடுப்புக்கு இச்சுரப்பி இன்றியமையாதது என்பதை 1961ஆம் ஆண்டு ஜாக் மில்லர் என்பவர் எலிகளைக் கொண்டு நிறுவினார்.

தைமஸுக்கு வந்த இளம் அணு, தான் 'டி' அணுவாக வேண்டும் என்பதை எவ்வாறு அறிகிறது? அதன் மேற்புறத்தில் 'நாட்ச்' என்னும் புரதம் இருக்கிறது. இது செய்தி வாங்கும் ஏற்பி. இறக்கையின் ஓரத்தில் வெட்டு விழுந்த பழ ஈக்களை ஆராய்ந்ததால் வந்த பெயர் இது. தைமஸ் தரும் செய்தியை இந்த ஏற்பி வாங்கினால் அணு 'டி' அணுவாகும். 1999இல் எலிகளில் நாட்ச் ஏற்பியை நீக்கிப் பார்த்தபோது, தைமஸில் 'பி' அணுக்களே வளர்ந்தன.

இந்த ஏற்பியின்மீது அணுவே சிறு சர்க்கரைத் துணுக்குகளை ஒட்டுகிறது. முதலில் பியூக்கோஸ், அதன்மேல் 'பிரிஞ்ச்' என்னும் நொதி இன்னொரு சர்க்கரையைச் சேர்க்கிறது. பிரிஞ்சின் இவ்வேலை 2000ஆம் ஆண்டு தெரியவந்தது. இச்சர்க்கரை சேர்ந்த ஏற்பி, தைமஸின் செய்தியை இறுகப் பற்றுகிறது. 2001இல், வளர்ச்சியில் முந்திய அணுக்களில் பிரிஞ்சை மிகுதியாகச் சுரக்கச் செய்தார்கள். அவை செய்தியைப் பறித்துக்கொள்ள, புதிதாக வந்த இளம் அணுக்கள் 'பி' அணுக்களாயின.

செய்தி குறைந்தால் வழி மாறும். ஓயாமல் ஒலித்தாலோ ஆபத்து. 'டி' அணுக்களில் தோன்றும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில், பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நாட்ச் மரபணு மாறியிருப்பது 2004இல் கண்டறியப்பட்டது. இந்நோய் சிறுவர்களையும் தாக்கும். ஆனால் இன்று பலர் சிகிச்சையால் குணமடைகின்றனர்.

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளை வெளிறிப்போனாலோ, அடிபடாமலே உடலில் நீலத் தழும்பு கண்டாலோ, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலோ, கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதியுங்கள்.