பெட்டிக்குப் பக்கத்தில் யார்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விக்ரோலி ஸ்டேஷனில் நம்மில் பலர் தினமும் ஏறி இறங்குகிறோம். அங்கே கோத்ரெஜ் காலனி டிஸ்பென்சரியில் 1966-இலிருந்து 1968 வரை ஓர் அமெரிக்க அம்மையார் நர்ஸாகத் தொண்டு செய்தார். வந்தபோது அவருக்கு வயது 68. பெயர் லில்லியன் கார்ட்டர். தென்னாட்டார்மீது இந்த நகரில் கல் விழுந்த காலமும் அதுதான். அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் பின்னாளில், 1977-இல், அமெரிக்க ஜனாதிபதி ஆனார். அந்த ஜனாதிபதியைப் பற்றி இன்று பேச வரவில்லை. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு கடலை மண்டிக்காரர் பள்ளி வாரியத்திலிருந்து மாநில செனட்டுக்குப் போட்டியிட்டாரே, அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தோம்.

ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்பது மிகச் சிறிய ஊர். தந்தை இறந்ததும் 1953-இல் கடற்படை வேலையை விட்டுவிட்டு கார்ட்டர் ஊருக்கு வந்தார். 1955-இல் சம்டர் கவுன்டி பள்ளி வாரியத்தில் உறுப்பினரானார். வெள்ளைக் குழந்தைகள் பஸ்ஸில் போக, கறுப்புக் குழந்தைகள் நடந்து போவது வாரியத்தில் உட்கார்ந்து பல மாதம் கழித்தே தமக்கு உறைத்தது என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். கூச்சப்படாமல் ஒப்புக்கொண்டார், அதை மெச்சுகிறோம். ஆனால் கண்ணெதிரே நடந்து போன பிள்ளைகளை அத்தனை மாதம் எப்படிக் காணாமல் இருந்தார்? இந்த ஊர் நம் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வையும் நினைவுக்கு வருகிறது.

நிறவெறியர் சங்கத்தார் வந்து சேரச் சொன்னார்கள். சந்தாவை நாங்களே கட்டுகிறோம் என்றார்கள். அவர் மறுத்தார். மண்டிக்கு வாடிக்கை குறைந்தது. 1961-இல் கவுன்டிப் பள்ளிகளையும் நகரப் பள்ளிகளையும் இணைக்கும் திட்டம் மக்கள் ஓட்டுக்கு வந்தது. கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும்படி ஆகிவிடும் என்று பயங்காட்டினார்கள். திட்டம் தோற்றது. அவருடைய சொந்த ஊரே அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டது.

மறு ஆண்டு, 1962 அக்டோபர் 1. அன்று அவருக்கு 38-ஆவது பிறந்த நாள். மாநில செனட்டுக்கு நிற்பதாக அறிவித்தார். கட்சியின் முதல்கட்டத் தேர்தலுக்குப் பதினைந்தே நாள். அந்த நாளில் ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சியின் முதல்கட்டத்தில் ஜெயித்தால் பதவி கையில் வந்த மாதிரிதான். தொகுதியில் ஏழு கவுன்டிகள். எதிரே நின்றவர் ஹோமர் மூர்.

அக்டோபர் 16 அன்று குயிட்மன் கவுன்டியின் ஜார்ஜ்டவுன் சாவடியில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். அந்தக் கவுன்டியில் ஜோ ஹர்ஸ்ட் வைத்ததுதான் சட்டம். சட்டசபை உறுப்பினரும் அவர், உள்ளூர்க் கட்சித் தலைவரும் அவர். ஏழைகளுக்கு வரும் உதவிப் பணமும் அவர் குடும்பத்தின் கையைத் தாண்டித்தான் வரும். சாவடியில் மறைவிடம் கிடையாது. மேஜைமீதே ஓட்டுப் போட வேண்டும், பக்கத்தில் ஹர்ஸ்ட் நிற்பார், யார் பெயரை அடிப்பது என்று சொல்லியும் தருவார். ஓட்டுப் பெட்டி ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் கைவிட்டுச் சீட்டை எடுத்துப் பார்ப்பார். கார்ட்டரின் நண்பர் ஜான் போப் அங்கே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அன்று அவர் அங்கே நிற்காமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாலையில் எண்ணினார்கள். 139 ஓட்டில் கார்ட்டர் தோற்றார்.

அவர் விடவில்லை. வீடு வீடாகப் போய் வாக்குமூலம் வாங்கினார்கள். பலருக்கு வாய் திறக்கப் பயம். பதிவேட்டைப் பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அகர வரிசையில் வந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்! ரேஷன் கடையில்கூட நாம் அப்படி நின்றதில்லை. செத்தவர் ஓட்டுப் போட்டார், சிறையில் இருந்தவர் ஓட்டுப் போட்டார், ஊரைவிட்டே போனவரும் வந்து போட்டாராம். அட்லான்டா ஜர்னல் நிருபர் ஜான் பென்னிங்டன் இதை ஊரறிய எழுதினார். நீதிபதி கார்ல் குரோ முன்னிலையில் பெட்டியைத் திறந்தார்கள். ஒழுங்கான சீல் இல்லை. நூறு சீட்டுக்கு மேல் ஒரே சுருளாக, ரப்பர் வளையம் போட்டபடி கிடந்தன. ஜார்ஜ்டவுன் ஓட்டுகளை நீதிபதி தள்ளினார். கார்ட்டர் முன்னுக்கு வந்தார். மறுபடி வழக்கு, இறுதித் தேர்தலுக்கு முந்தின இரவு, இருவர் பெயரையும் சீட்டிலிருந்து அடிக்கச் சொல்லி உத்தரவு. ஓட்டர்கள் பெயரைக் கையால் எழுத வேண்டும். அப்படியும் 800 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்து, 1963 ஜனவரியில் செனட்டில் அமர்ந்தார். ஹர்ஸ்ட் பின்னொரு வழக்கில் ஓட்டு மோசடிக்காகத் தண்டனை பெற்றார்.

கதை இங்கே சுபமாக முடிந்ததென்று கைதட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. கார்ட்டருக்குப் பெட்டியில் நியாயம் கிடைத்தது, சரி. பட்டியல்? அதே தொகுதியின் டெரல் கவுன்டியில் கறுப்பு மக்கள் ஓட்டர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனால் விரட்டினார்கள். அதற்காகக் கூட்டம் கூடிய தேவாலயத்தை அதே 1962 செப்டம்பரில் எரித்தார்கள். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அவர்களுக்குக் கதவு திறந்தது. பட்டியலில் பெயரே இல்லாதவனுக்குப் பெட்டி சுத்தமாக இருந்தால் என்ன, அழுக்காக இருந்தால் என்ன?

இப்போது நம் விஷயம். போன தேர்தலில் நம் சாலில் அப்பா பெயர் இருந்தது, மகன் பெயர் இல்லை. கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த குடும்பத்தை 'இடம் பெயர்ந்தவர்' என்று அடித்திருந்தார்கள். கோபம் வந்தது, நியாயமான கோபம்தான். ஆனால் நம்மில் எத்தனை பேர் இருபது வருஷமாக இங்கே குடியிருந்துகொண்டு, ஊர்ப் பட்டியலில் பெயரை வைத்திருக்கிறோம்? இரண்டு இடத்தில் வைக்கச் சட்டம் இடந்தராது. பாசத்துக்காக வைத்திருக்கிறோம் என்கிறீர்கள். ஜார்ஜ்டவுனில் ஊரைவிட்டுப் போனவர் பெயரில்தானே ஓட்டு விழுந்தது! அங்கே சும்மா கிடக்கும் உங்கள் பெயரில் யார் போடுகிறார்களோ! இங்கே குழாய்த் தண்ணீருக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் வாதாடப் போகும்போது, உங்கள் ஓட்டு எந்த வார்டில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இங்கேயே வாழ்வதென்றால் படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றுங்கள். பதினெட்டு நிறைந்த பிள்ளைக்குப் படிவம் 6.

இன்னொன்று. எங்களைப் போன்ற ரயில்வேக்காரர்கள் ஏஜென்டாக உட்காரச் சட்டம் அனுமதிக்காது. உங்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் உட்காரலாம். எந்த வேட்பாளருக்கு என்பது அவரவர் விருப்பம். மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் 17சி படிவத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்காமல் எழுந்து வரக்கூடாது. எத்தனை ஓட்டு விழுந்தது என்பதற்கு அதுதான் நம் கையில் உள்ள சாட்சி. உங்கள் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டால் அழுதுகொண்டு திரும்பாதீர்கள். டெண்டர் ஓட்டுக் கேளுங்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சங்க அறையில் பாகம் வாரியாகப் பட்டியல் இருக்கும். ஆதாரும் வாடகைச் சீட்டும் கொண்டு வாருங்கள். ஊரில் இன்னும் பெயர் இருப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.