நாயின் தாடைக்குக் கீழே வீக்கமா? கீறி விடாதீர்கள்

(புதுவையில் உழவர் பெருமக்களிடையே கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கறவை மாட்டைப் பற்றியோ ஆட்டைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாயைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் புல்டாக் என்னும் சப்பை மூக்குச் சீமை நாயைப் பற்றி. "அது கடற்கரைப் பக்கம் பெரிய வீடுகளில் வளர்க்கிற நாயாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். முன்பு அப்படித்தான் இருந்தது. இப்போது நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆசைப்பட்டு இந்த நாயை வாங்குகிறார்கள். வேலை வேறு ஊருக்கு மாறியதும் பாகூரிலோ வில்லியனூரிலோ இருக்கும் தகப்பனார் வீட்டில் கொண்டு வந்து கட்டி விட்டுப் போகிறார்கள். பார்த்துக் கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது.

அப்படி வந்து சேர்ந்த ஒரு நாயை என்னிடம் கொண்டு வந்தார் ஒரு பெரியவர். நான்கு வயதுப் புல்டாக். தாடைக்குக் கீழே, கழுத்தை ஒட்டி, எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் வந்ததாம். வலி இல்லை, தீனி எடுப்பதில் குறை இல்லை. ஒரு மாதத்தில் அது பெரிய மாங்காய் அளவாகி விட்டது. மாட்டுக்கு வருகிற தொண்டை அடைப்பானாக இருக்குமோ என்று முதலில் பயந்திருக்கிறார். பிறகு, பழுத்த கட்டி என்று முடிவு செய்து, புது பிளேடால் தாமே கீறி விட்டார். சீழ் வரவில்லை. வெண்டைக்காயை நறுக்கினால் வருமே, அதுபோல நூல் நூலாக இழுபடும் கொழகொழப்பான நீர் வந்தது. வீக்கம் வடிந்து விட்டது, பெரியவருக்கும் நிம்மதி. பத்தே நாளில் வீக்கம் மறுபடியும் வந்தது. இந்த முறை கீறிய இடத்தில் புண்ணும் வைத்து, காய்ச்சலும் சேர்ந்து கொண்டது. என்னிடம் வந்தபோது நாய் நாக்கைத் தொங்க விட்டு, குறட்டை போல் சத்தத்துடன் மூச்சு வாங்கிக் கொண்டிருந்தது.

அது கட்டி அல்ல. உமிழ்நீர் தேங்கிய பை.

உமிழ்நீர் எப்படி அங்கே போகிறது?

நாய்க்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் நான்கு ஜோடி உண்டு. காதுக்கு அடியில் ஒன்று, கீழ்த்தாடை மூலையில் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று, கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பை ஒட்டி ஒன்று. இதேபோல மறுபுறமும். ஒவ்வொன்றிலும் சுரக்கும் நீர் மெல்லிய குழாய் வழியாக வாய்க்கு வருகிறது. நாக்கடிச் சுரப்பியோ அதன் குழாயோ எங்காவது கிழிந்து விட்டால், நீர் வாய்க்கு வராமல் தோலுக்கு அடியிலோ நாக்கின் அடியிலோ கசிந்து தேங்குகிறது.

வாய்க்கால் கரை உடைந்து பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீர் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பள்ளத்துத் தண்ணீரை எத்தனை முறை இறைத்தாலும், மோட்டார் ஓடும் வரை மறுபடி நிறையும். கீறி விடுவது பள்ளத்தை இறைப்பது போலத்தான். ஊசியால் உறிஞ்சி எடுப்பதும் அப்படியே. நோயை அறியவும், மூச்சு முட்டும்போது அவசரத்துக்கும் உதவும், குணப்படுத்தாது.

குழாய் ஏன் கிழிகிறது என்பதற்குப் பல நாய்களில் காரணம் தெரிவதே இல்லை. கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுப்பது, கூரான எலும்பு அல்லது குச்சி வாயில் குத்துவது, மற்ற நாய் கடிப்பது ஆகியவை சில நாய்களில் காரணமாகின்றன. எந்த இனத்துக்கும் இது வரலாம். நம் ராஜபாளையத்துக்கும் வரும், தெருவில் திரியும் நாட்டு நாய்க்கும் வரும். புல்டாக்குக்கு என்று தனியாக வருகிற நோய் அல்ல. ஆனால் வந்து விட்டால் புல்டாக் படும் பாடு வேறு.

சப்பை மூக்கின் சங்கடம்

இங்கிலாந்தில் காளையோடு நாயை மோத விட்டு வேடிக்கை பார்க்கும் பழக்கம் இருந்தது. அதற்காக வளர்த்த நாய்தான் புல்டாக். 1835ஆம் ஆண்டு அந்தப் போட்டியைச் சட்டம் போட்டுத் தடுத்து விட்டார்கள். வேலை போன பிறகு நாயை அழகுக்காக வளர்க்க ஆரம்பித்து, முகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கினார்கள். இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குப் போன சரிகைப் பின்னல் தொழிலாளர்களோடு சிறிய வகைப் புல்டாக்குகளும் போயின. பிரெஞ்சுப் புல்டாக் என்று இன்று விற்கப்படும் காது விறைத்த குட்டை நாய் அவற்றின் வழி வந்தது. முகத்தைக் குறைத்தவர்களால் வாய்க்குள் இருக்கும் சதையைக் குறைக்க முடியவில்லை. மூக்குத் துவாரம் வெறும் கீற்றாக இருக்கிறது. அண்ணத்தின் பின்சதை நீண்டு மூச்சுக்குழல் வாயை மறைக்கிறது. நல்ல நாளிலேயே குறட்டை விட்டுத்தான் மூச்சு விடும்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி வேகமாக மூச்சு விட்டு, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைக் குளிர்விக்கிறது. மூச்சு வழி குறுகிய நாய் இதைச் சரிவரச் செய்ய முடியாது. நம் புதுவைக் காற்றிலோ கடல் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் எளிதில் ஆவியாகாது. இவ்வளவுக்கும் மேலே தொண்டையோரம் மாங்காய் அளவில் ஒரு பை வந்து அழுத்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நாட்டு நாய் இந்த வீக்கத்தோடு பல வாரம் திரியும். புல்டாக் ஒரு சித்திரை மதியத்தில் செத்துப் போகலாம். பை வெளியே தெரியாமல் தொண்டைக்கு உள்ளேயே வளர்வதும் உண்டு. ஆகவே குறட்டைச் சத்தம் கூடினாலும், ஈறும் நாக்கும் நீலம் பாய்ந்தாலும், படுக்க முடியாமல் கழுத்தை நீட்டி உட்கார்ந்தே இருந்தாலும், மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது. அது அன்றைக்கே பார்க்க வேண்டிய நாய்.

வேறு எதுவாக இருக்கலாம்?

தாடை வீக்கம் எல்லாமே உமிழ்நீர்ப் பை அல்ல. தொட்டால் சுடுகிறது, நாய் வலியால் கத்துகிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். நாய்க்கு இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். கல்போலக் கெட்டியாக இருந்தால் நெறிகட்டியதாகவோ புற்றாகவோ இருக்கலாம். தாடையில் மட்டுமின்றித் தோள் முன்னும் முழங்காலுக்குப் பின்னும் நெறி கட்டியிருந்தால் உண்ணிக் காய்ச்சலையும் நினைக்க வேண்டும். வரப்போரம் மோப்பம் பிடித்த நாய்க்கு ஓரிரு மணியில் முகம் முழுவதும் வீங்கினால் பாம்பு தீண்டியிருக்கலாம். அங்கே தாமதம் கூடவே கூடாது.

மாட்டின் அனுபவத்தை நாய்க்கு அப்படியே பொருத்தி விடாதீர்கள். மாட்டுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்தால் ஈரல் தட்டைப்புழு என்று குடற்புழு மருந்து கொடுக்கிறோம், அது சரிதான். இந்த நாய்க்கு அதனால் பயன் இல்லை.

உமிழ்நீர்ப் பை மெத்தென்று, தண்ணீர் நிரப்பிய பலூன்போல இருக்கும், பெரும்பாலும் வலிக்காது. நாக்கின் அடியில் வந்தால் தவளை வயிறுபோலப் பளபளப்பாகத் தெரியும். தீனி மெல்லும்போது பல் பட்டு ரத்தம் கசியும்.

கையை வாயில் விடுவதற்கு முன்

இதைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாயில் நீர் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை என்றதும் வீட்டில் ஒருவர் வாயைப் பிடிக்க, இன்னொருவர் கையை விட்டு எலும்பு சிக்கியிருக்கிறதா என்று துழாவுகிறோம். மாட்டுக்கு மாங்கொட்டை அடைத்து விட்டது என்று தோள் வரை கையை விடுகிறோம். வெறிநோயும் இப்படித்தான் தொடங்கும்! எல்லா வெறிநாயும் பாய்ந்து கடிப்பதில்லை. ஊமை வெறி வந்த நாய் கீழ்த்தாடை தொங்கிப் போய், எச்சில் ஒழுக, ஒரு மூலையில் கிடக்கும். அதன் எச்சிலில் கிருமி இருக்கிறது. நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வந்து விடும்.

உமிழ்நீர்ப் பை உள்ள நாய் உங்களைக் கண்டால் வாலாட்டும், பழக்கவழக்கம் மாறாது. வீக்கம் வாரக்கணக்கில் வளர்ந்திருக்கும். வெறிநோயில் இரண்டு மூன்று நாளில் குணம் மாறும், குரல் மாறும், தாடை தொங்கும். இருந்தாலும் இந்த அடையாளங்களை நம்பிக் கையை விட வேண்டாம். தடுப்பூசி போடாத நாயானால், சந்தேகம் இருக்கும் வரை வாயைத் திறந்து பார்ப்பதை மருத்துவரிடம் விட்டு விடுங்கள்.

நான் சொன்ன பெரியவரின் விரலில் அரிவாள் வெட்டுக் காயம் ஆறாமல் இருந்தது. அந்தக் கையால்தான் பையைக் கீறிப் பிதுக்கியிருக்கிறார். நாய்க்குத் தடுப்பூசி போட்டதாக மகன் சொன்னார், சீட்டு இல்லை. அப்போது எனக்கு நாயை விடப் பெரியவரைப் பற்றித்தான் கவலை வந்தது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கையைக் கழுவச் செய்து, அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். "தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களே டாக்டர்" என்று தயங்கினார். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்தை 2004ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நிறுத்தி விட்டார்கள். இப்போது சில ஊசிகள்தாம், அதுவும் கையில். காயம்பட்ட தோலில் எச்சில் பட்டிருந்தால் அதோடு எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனித்தோம். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொன்னபடி ஊக்க ஊசி, ஆண்டுதோறும் ஒன்று. சீட்டைப் பட்டாவோடு சேர்த்து வையுங்கள்.

அறுவையும் அதற்குப் பின்னும்

சரி, குணப்படுத்துவது எப்படி? மோட்டாரை நிறுத்த வேண்டும். அதாவது சுரப்பியை எடுத்து விட வேண்டும். நூல் போன்ற குழாயில் கிழிசலைத் தேடித் தைப்பது நடக்கிற காரியம் அல்ல. தாடைமூலைச் சுரப்பியும் நாக்கடிச் சுரப்பியும் ஒரே உறைக்குள் ஒட்டிக் கிடப்பதால் அந்தப் பக்கத்து இரண்டையும் சேர்த்தே எடுக்கிறார்கள். வாய் உலர்ந்து போகுமே என்று அஞ்ச வேண்டாம்; மீதிச் சுரப்பிகள் ஈடு செய்யும். உங்கள் பசு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரந்துதான் அசை போட்டுச் செரிக்கிறது. தீனியை அப்படியே விழுங்கும் நாய்க்கு அவ்வளவு வேலை இல்லை.

வீக்கம் கழுத்தின் நடுவில் தொங்கும்போது எந்தப் பக்கத்துச் சுரப்பி கசிகிறது என்பதில் குழப்பம் வரும். நாயை மல்லாத்திப் படுக்க வைத்தால் பை பெரும்பாலும் கசியும் பக்கம் சாயும். எளிய சோதனை, ஆனால் மூச்சு முட்டும் புல்டாக்கை வீட்டில் மல்லாத்திப் பார்க்காதீர்கள். பெரியவரின் நாயில் கீறிய புண்ணால் சதையெல்லாம் ஒட்டிப் போயிருந்தது. முதலில் புண்ணை ஆற்றி, பிறகுதான் கத்தி வைக்க முடிந்தது. ஒரு மணி நேர வேலை இரண்டரை மணி ஆயிற்று.

மயக்க மருந்து புல்டாக்குக்கு மற்ற நாய்களை விட ஆபத்தானது. மயக்கம் தெளியும் நேரத்தில்தான் தொண்டைச் சதை விழுந்து மூச்சடைக்கும். ஆகையால் ஆக்சிஜனும் மூச்சுக் குழாய் பொருத்தும் வசதியும் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். குரும்பாப்பேட்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்கு விதைக்கும் பயிற்சிக்கும் வந்து போகிறவர்கள் நீங்கள். அதே குரும்பாப்பேட்டில்தான் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் காட்டி, அவர்கள் சொன்னால் அங்கே கொண்டு போங்கள். விடியற்காலையில் புறப்படுங்கள். காற்றோட்டமான வண்டியாக இருக்கட்டும். ஈரத் துணியும் தண்ணீரும் கூடவே வேண்டும். முந்திய இரவு எத்தனை மணியோடு தீனியை நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

அதுவரை வீட்டில் வீக்கத்தின் மேல் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடுவதோ, மாட்டுக்குப் போடுவதுபோல் சூடு போடுவதோ வேண்டாம். தோல் வெந்து, அறுவை இன்னும் கடினமாகும். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையும் கூடாது. இபுபுரூஃபன் நாய்க்கு வயிற்றில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். கழுத்துப் பட்டையைக் கழற்றி விட்டு மார்பைச் சுற்றிக் கட்டும் வார்ப்பட்டை போடுங்கள்; வண்டிமாட்டுத் தோல் வார் தைப்பவரிடம் சொன்னால் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பார். புல்டாக்கைக் கொழுக்க வைக்காதீர்கள், கொழுப்பும் மூச்சை அடைக்கும்.

அறுவைக்குப் பின் குழைந்த சோறும் மோரும், எலும்பில்லாத வேகவைத்த கறியும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தையலை நாய் சொறியாமல் பிளாஸ்டிக் கூம்பு மாட்டுவார்கள். புல்டாக்குக்கு அது மூச்சை அடைக்காத அளவில் இருக்க வேண்டும். புண்ணிலிருந்து நீர் வடிய ரப்பர் குழல் வைத்திருந்தால் அதை நீங்களே பிடுங்காதீர்கள். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை நிழலில், மின்விசிறிக் காற்றில், சிமெண்டுத் தரையில் கிடக்கட்டும். களத்துக்கு அழைத்துப் போக வேண்டாம்.

பெரியவரின் நாய் இப்போது பாகூரில் நலமாக இருக்கிறது. குறட்டை மட்டும் போகவில்லை. அது பிறவிக் குறட்டை.