படத்தின் மெய்

தமிழிலே ‘மெய்’ என்னும் சொல்லுக்கு உடல் என்றும் பொருளுண்டு. உண்மை என்றும் பொருளுண்டு. இன்று நாம் தொலைபேசியில் நாள்தோறும் எடுத்துக் குவிக்கின்ற டிஜிட்டல் புகைப்படத்திற்கு இவ்விரு பொருளிலும் மெய் உண்டா? உண்டென்றால் அதனைக் காண்பது எவ்வாறு? இவ்வினாவைக் கலைக்கூடத்திற்குள் கொண்டுவந்த மூவரைப் பற்றி இன்று சில சொற்கள் பேச விழைகின்றேன்.

பழைய புகைப்படத்தின் உடலை நாம் நன்கு அறிவோம். வெள்ளி உப்புப் பூசிய கண்ணாடியும் பிலிமும் தாளும் அதன் உடலாக இருந்தன. அது மடங்கும், கிழியும், செல்லரிக்கும், விரல் பட்ட இடத்தில் கறை கொள்ளும். கூடத்துச் சுவரில் சட்டமிட்டு மாட்டிய பாட்டனாரின் படத்திற்கு எடையும் உண்டு, முதுமையும் உண்டு. டிஜிட்டல் படமோ இவற்றையெல்லாம் துறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஆயிரம் படங்கள் ஏறினாலும் கையிலுள்ள கருவி கனப்பதில்லை. ஆகவே அது காற்றைப் போன்றது, எண்ணத்தைப் போன்றது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

இம்முடிவு பிழையானது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் ஒரு டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. ஒரே ஒரு படத்தை நாடாவில் பதிவதற்கு 23 வினாடிகள் பிடித்தன. அப்படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. நாடா சுழல்வதைக் கண்ணால் கண்டவர்க்கு, படம் ஒரு பொருளின்மேல் பதிகிறது என்பதில் ஐயம் எழுந்திராது. பின்னர்க் கருவி சுருங்கிற்று. புள்ளிகள் கோடிக்கணக்கில் பெருகின. படம் தங்கும் இடமோ கண்ணைவிட்டு மறைந்தது. இன்றும் அது சிலிக்கான் சில்லில் மின்னூட்டமாகவோ, சுழலும் தட்டில் காந்தப் பதிவாகவோ தங்கித்தான் இருக்கிறது. இணையத்தில் ஏற்றிய படம் எங்கோ ஒரு தரவு மையத்தில் குடியிருக்கிறது. அங்கே இரவு பகலாக இயந்திரங்கள் ஓடுகின்றன; அவற்றைக் குளிர்விக்கவும் வேண்டியிருக்கிறது. உலகிலுள்ள தரவு மையங்கள் யாவும் சேர்ந்து, படங்களுக்கும் பிற பணிகளுக்குமாக, 2024ஆம் ஆண்டில் உலக மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கை உட்கொண்டன என்பது மதிப்பீடு. துறவியைப் போலத் தோற்றமளிக்கும் இப்படம் உண்மையில் பெரிய சம்சாரி!

இருப்பினும், மதிப்பீடும் புள்ளிவிவரமும் அறிவுக்கு எட்டுகின்றன, உணர்வுக்கு எட்டுவதில்லை. இங்கேதான் நிறுவல் கலை துணைக்கு வருகிறது. சட்டத்திற்குள் அடங்கிய ஓவியத்தின் எதிரே நாம் நிற்கிறோம். நிறுவல் கலையிலோ உள்ளே நுழைகிறோம். ஓர் அறை முழுவதுமே கலைப்படைப்பாகிவிடுவதால் கண்ணோடு காலும் தோளும் அதனை அளந்து அறிகின்றன.

2011ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ஃபோம் என்னும் புகைப்பட அருங்காட்சியகத்தில் எரிக் கெசல்ஸ் என்பவர் இத்தகைய படைப்பு ஒன்றை அமைத்தார். படங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஃபிளிக்கர் என்னும் இணையத்தளத்தில் 24 மணி நேரத்திற்குள் மக்கள் ஏற்றிய படங்களைத் தாளில் அச்சிட்டு அறைகளுக்குள் கொட்டினார். களத்துமேட்டில் நெல்லைக் குவித்தாற்போலப் பல லட்சம் படங்கள் சரிந்து கிடந்தன. பிறந்தநாள் விழா, கடற்கரை, வளர்ப்பு நாய், உறங்கும் குழந்தை என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த அவற்றை எவர் பார்த்து முடிப்பது? திரையில் விரலால் தள்ளிவிட்டுப் போகும்போது வெள்ளத்தின் ஆழம் தெரிவதில்லை. அதே வெள்ளம் தாளாகி வழியை மறித்தபோது தெரிந்தது.

பெனலோப் உம்ப்ரிகோ என்னும் அமெரிக்கக் கலைஞர் வேறொரு வழியை மேற்கொண்டார். அதே தளத்தில் மக்கள் மிகுதியாகப் படம் பிடிக்கும் பொருள் யாது என்று தேடிய அவர், மறையும் ஞாயிறே என்று கண்டார். 2006 ஜனவரி 23 அன்று அவருக்குக் கிடைத்த எண்ணிக்கை 5,41,795. அப்படங்கள் சிலவற்றிலிருந்து கதிரவனை மட்டும் வெட்டியெடுத்து, கடைகளில் அச்சிடும் எளிய அளவிலேயே அச்சிட்டுச் சுவர் நிறைய வரிசையாக ஒட்டினார். 2007 செப்டம்பர் 25 அன்று அந்த எண்ணிக்கை 23,03,057 ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய எண்ணையே படைப்பின் தலைப்பாக வைத்தார். காட்சியில் உள்ளது ஒரு பகுதியே என்பதையும் தலைப்பிலேயே சொன்னார். வானில் இருப்பது ஒரே ஞாயிறு. சுவரிலோ நூற்றுக்கணக்கான ஞாயிறுகள். ஒவ்வொன்றையும் எடுத்தவர், ‘இந்த மாலைப்பொழுது எனக்கே உரியது’ என்று எண்ணித்தானே எடுத்திருப்பார்? சுவரின் முன் நிற்பவர்க்கு அவ்வெண்ணத்தின் அழகும் புரிகிறது. அதன் பேதைமையும் புரிகிறது.

‘தாளில் அச்சிட்டுவிட்டால் அது டிஜிட்டல் படம் ஆகுமா? இது இரவல் உடல் அன்றோ?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தாள் அப்படத்தின் சொந்த உடலன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் காற்றை நாம் காண்பது அசையும் கிளையில்தான். கிளை காற்றாகாது; காற்று இருப்பதற்கு அதுவே சான்று. மேலும், அறைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லையற்றது போலத் தோன்றும் ஒன்றை எல்லையுள்ள இடத்தில் வைக்கும்போதுதான் ‘எதை வைப்பது, எதை விடுவது?’ என்ற வினா பிறக்கிறது. அளவு தெரிந்தால் பொறுப்பும் தெரியும்.

அப்பொறுப்பு எத்தகையது என்பதை 2019ஆம் ஆண்டில் இலண்டன் பார்பிகன் கலைமையத்தில் டிரெவர் பாக்லன் காட்டினார். ஏறத்தாழ 30,000 படங்களைத் தனித்தனியே அச்சிட்டு, வளைந்து செல்லும் நெடுஞ்சுவர் ஒன்றில் அவர் பதித்தார். அவை இமேஜ்நெட் என்னும் தொகுப்பைச் சேர்ந்தவை. கணினிக்குப் பொருள்களை இனங்காணக் கற்பிப்பதற்காக ஆய்வாளர்கள் இணையத்திலிருந்து 1 கோடியே 40 லட்சத்திற்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றிற்கும் பெயர் சூட்டியிருந்தனர். பாக்லனின் சுவர் ஆப்பிள் பழத்தில் தொடங்குகிறது. பழத்தைப் பழம் என்பதில் யாருக்கும் வழக்கில்லை. நடந்து செல்லச் செல்ல மனித முகங்கள் வருகின்றன. ‘கடனாளி’, ‘குடிகாரர்’, ‘தீயவர்’ என்னும் பெயர்களின்கீழ் அவை நிற்கின்றன! முகத்தைப் பார்த்து ஒருவரைக் கடனாளி என்று எவ்வாறு அறிவது? நண்பர்க்குக் காட்டவென்று இணையத்தில் ஏற்றிய படம், எடுத்தவர்க்கும் படத்தில் உள்ளவர்க்கும் தெரியாமலே, இயந்திரத்தின் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. பாக்லனும் கேட் கிராஃபோர்ட் என்னும் அறிஞரும் இப்பெயர்களை ஊரறியச் செய்த அதே ஆண்டில், மனிதர்களைப் பற்றிய ஏறத்தாழ 6 லட்சம் படங்களை நீக்கப்போவதாகத் தொகுப்பின் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

கோப்புக்குள் இருந்தவரை அம்முகங்கள் வெறும் தரவு. கண் மட்டத்தில், கைக்கெட்டும் தொலைவில், தாளில் வந்து நின்றபோது அவர்கள் மனிதர் ஆனார்கள். அவர்களை முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டு ‘தீயவர்’ என்று சொல்ல நம் நா எழுவதில்லை. உடல் இவ்வாறுதான் உண்மைக்குச் சாட்சியாகிறது.

நேயர்களே, இதனால் படமெடுப்பதையே நாம் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. குழந்தையின் முதல் நடையைப் பதிந்து வைக்க விரும்பாத தாய் எவர்? எனினும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் நம் படங்களைப் பிரித்துப் பார்த்து, வேண்டாதவற்றை நீக்கி, வேண்டிய பத்தையோ இருபதையோ தாளில் அச்சிட்டு வைக்கலாம். பிறர் முகத்தை இணையத்தில் ஏற்றுமுன் அவரை ஒரு வார்த்தை கேட்கலாம். எந்தப் படத்திற்கு நாம் சுவரில் இடம் தருவோமோ, அந்தப் படத்தையே நாம் உண்மையில் பார்த்திருக்கிறோம். மற்றவை எல்லாம் நம்மிடம் இருக்கின்றன, அவ்வளவே.