மார்கழிக் காலையில் பேராதனை

பாடசாலை விடுமுறை, பிள்ளைகள் கையில் போன். கண்டியில் குளிர் என்றால் காலைக் குளிர்தான். வெயில் ஏறினால் போய்விடும். அதனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் காலையிலேயே போங்கள்.

1821இல் தொடங்கிய பூங்கா. மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. உள்ளே ஒரு ஜாவா அத்தி மரம். ஒரே மரம், கல்யாணப் பந்தல்போல விரிந்து நிற்கும். அடியில் பிள்ளைகள் ஓடட்டும். பிறகு அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். உயர்ந்த மரங்களில் வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும். எண்ணத் தொடங்கினால் பெரியவர்களுக்கே கணக்குத் தப்பும்! அங்குள்ள தொங்கு பாலம் அப்பாமாருக்கும் விளையாட்டுத்தான்.

காலையிலேயே போங்கள். சின்னவருக்கு ஒரு சுவெட்டர், பின்னேர மழைக்கு ஒரு குடை. குரங்குகளுக்கு மட்டும் தீனி போடாதீர்கள்.