இரண்டு ஊசிகள், இரண்டு வேலைகள்

(பொழியூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எழுபது தாண்டிய கிழவன் முகச் சுருக்கம் போக்கும் ஊசியைப் பற்றிப் பேசுகிறானே என்று சிரிக்க வேண்டாம். விஷயம் என் வீட்டிலேயே இருக்கிறது.

என் மனைவிக்கு இரண்டு கண் இமைகளும் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும். சாலையைக் கடக்க முடியாது. அடுப்பின் அருகில் போகவே பயம். திருவனந்தபுரத்தில் நரம்பியல் மருத்துவர் இமைகளைச் சுற்றி போடாக்ஸ் ஊசி போட்டார். ஒரு வாரத்தில் கண்கள் நன்றாகத் திறந்தன. "இந்த வயதில் அழகு சிகிச்சையா?" என்று உறவினர் சிலர் கேட்டபோது அவள் மனம் நொந்தது. கல்யாணம் நிச்சயமான பேத்தியோ, "தாத்தா, பாட்டி போட்டுண்ட ஊசிதான், எனக்கு உதட்டுக்கு வேணும்" என்றாள். இருவர் சொன்னதும் தவறு. நான் மருத்துவனல்ல, பழைய பி.எஸ்ஸி. பட்டதாரி. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

போடாக்ஸ் என்பது, கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு. மிகமிகச் சிறிய அளவில் கொடுத்தால், நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையைத் தடுத்துவிடும், தசை தளரும். அமெரிக்க அரசு 1989-ல் இதை மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும்தான் முதலில் அனுமதித்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கரூத்தர்ஸ் என்ற கண் மருத்துவர், என் மனைவிக்கு வந்த அதே நோய்க்கு இந்த ஊசியைப் போட்டபோதுதான் புருவ மத்தியின் சுருக்கம் மறைவது தெரிந்தது. சுருக்கத்துக்கு அனுமதி கிடைத்தது 2002-ல். ஆகவே நோய்க்கு வந்த மருந்துதான் பிறகு அழகுக்குப் போயிற்று. பலன் மூன்று, நான்கு மாதம்.

ஃபில்லர் தசையைத் தொடுவதில்லை. பள்ளமான இடத்தை நிரப்புகிறது. இப்போது பெரும்பாலும் போடுவது ஹயலுரானிக் அமிலக் களி. நீரைப் பிடித்து வைக்கும் இப்பொருள் நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயற்கையாகவே உண்டு. பலன் உடனே தெரியும். ஆறு மாதம் முதல் ஒன்றரை வருஷம் வரை நிற்கும். நெற்றியைச் சுருக்கும்போது விழும் கோட்டுக்கு முதல் ஊசி. கன்னக் குழிவுக்கும் உதட்டுக்கும் இரண்டாவது.

நம்மவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இது எதிலிருந்து வருகிறது? 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபில்லர் மாட்டுத் தோலின் கொலாஜன். பிறகு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இன்று பெரும்பாலும் பாக்டீரியாவை நொதிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள். போடாக்ஸிலோ மனித இரத்தத்திலிருந்து பிரித்த அல்புமின் சிறிதளவு இருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

ஆபத்தும் வேறு வேறு. போடாக்ஸ் பக்கத்துத் தசைக்குப் பரவினால் இமை தொங்கலாம். சில வாரங்களில் தானே சரியாகும். ஃபில்லர் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம். அபூர்வமாகப் பார்வையே போகலாம். ஹயலுரானிக் களியைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற மருந்து உண்டு. அதைக் கையில் வைத்திராத இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளக் கூடாது. அழகு நிலையத்தில் கூடவே கூடாது.

பேத்தியைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை. எந்த மருந்து, போடுபவர் என்ன படித்தவர், கரைக்கும் மருந்து இருக்கிறதா என்று மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். அவள் போன இடத்தில் மூன்றாவதற்குப் பதில் வரவில்லை, திரும்பி வந்துவிட்டாள். பாட்டியோ நான்கு மாதத்துக்கு ஒரு முறை போகிறாள். அவளைப் பார்த்து இனி யாரும் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.