"பாவங்கள், அதுகள்"

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் முல்லைத்தீவு மாவட்டம் நாயாற்றிலிருந்து வந்து, இங்கே விடுதியில் தங்கிப் படித்தவள். இன்று ஒரேயொரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அந்தச் சொல் "அதுகள்".

தொல்காப்பியம் மக்களை உயர்திணை என்கிறது. "அதுகள்" அஃறிணை. ஆனால் பிழை திணையில் இல்லை. "அவை" என்பதும் இலக்கணப்படி அஃறிணைதான். நாமோ "அவை வந்திருக்கினம்" என்று மரியாதையாகவே சொல்கிறோம். "அதுகள் வந்திருக்குதுகள்" என்றால், ஒன்றில் வந்தவர்கள் சிறுபிள்ளைகள், அல்லது சொல்பவரின் மனதில் அவர்கள் சிறியவர்கள். தாய் தன் பிள்ளைகளைப் பற்றி "அதுகள் சாப்பிட்டிட்டுதுகளோ?" என்று கேட்பது அன்பு. அறுபது வயது மீனவரை அப்படிச் சொன்னால், அது இரக்கம் போலத் தோன்றும் பெரியதனம்.

2009க்குப் பின்னர், ஊர் மீளக் குடியேறிய காலத்தில், உதவி கொண்டுபோன ஒரு குழுவினருடன் நானும் நாயாற்றுக்குப் போனேன். என் பெரியம்மா தறப்பாள் கொட்டிலில் இருந்தார். 2004 ஆழிப்பேரலையையும் பிறகு போரையும் கடந்து வந்தவர். கொடுத்த பொதியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வந்த எல்லோருக்கும் சோறும் களப்பு இறால் குழம்பும் தந்தார். திரும்பும்போது வாகனத்தில் ஒருவர், "பாவங்கள், அதுகள். இல்லாத நேரத்திலும் சாப்பாடு தந்துதுகள்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது. அன்று விருந்து தந்தவர் பெரியம்மா, உண்டவர்கள் நாங்கள். அந்த ஒரு சொல்லில் அவர் கையேந்தியவராகிவிட்டார். நானும் வாய் திறக்கவில்லை. அன்று பேசாததைத்தான் இன்று பேசுகிறேன்.

உலகெங்குமுள்ள நம் சகோதரிகள் வன்னிக்கு அனுப்பும் உதவி பெரிது. அது தொடரவேண்டும். ஆனால் பொதி கட்ட முதல், என்ன தேவை என்று அவர்களிடமே கேட்போம். படகு கொடுப்பதானால், களப்புக்கா கடலுக்கா என்று அதை ஓட்டப்போகிறவரிடம் கேட்போம். காசோலையைக் கையில் கொடுத்துப் பிள்ளையைப் படம் பிடிப்பதை விடுவோம். ஒருவரைப் பற்றிப் பேசும்போது, அவர் முன்னால் இருந்தாலும் இதே சொல்லைச் சொல்வோமா என்று ஒருகணம் யோசிப்போம்.

நானும் பிறர் தந்த உதவிப்பணத்தில் படித்தவள்தான். எனக்குத் தந்தவர்கள் என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தந்தார்கள். அதனால்தான் இந்த மேடையில் தலைநிமிர்ந்து நிற்கிறேன்.